மீண்டும் மிதிவண்டி: எதை வாங்குவது?

தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தோருக்கு நீடாமங்கலம் இரயில்வே கேட்டைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டு மன்னார்குடிக்கு மீண்டும் இரயில் ஓடத் தொடங்கிய பின்னர், அங்கே காத்து நிற்கும் நேரமும் கூடியது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் அந்தக் கேட்டின் முன் மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருந்தோம். நம் வயதை ஒத்த விவசாயி ஒருவர், பின்னால் புல்லுக்கட்டுடன் சைக்கிளில் வந்து இறங்கினார். கேட் திறந்ததும் எளிதாக ஏறி மிதித்துச் சென்றுவிட்டார். நாமோ இரத்தக் கொதிப்புக்கு மருந்து வாங்கச் சென்றுகொண்டிருந்தோம்! "நாள்தோறும் நடங்கள், அல்லது சைக்கிள் மிதியுங்கள்" என்று மருத்துவர் அன்றும் சொன்னார்.

சைக்கிளைத் தொட்டு இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் எந்த வண்டி வாங்குவது என்பதில் நமக்கு ஐயமே எழவில்லை. கல்லூரி நாட்களில் ஓட்டிய அதே வகை: 28 அங்குலச் சக்கரமும், உயர்ந்த சட்டமும், நடுவே பாரும் கொண்ட கறுப்பு வண்டி. வாங்கிய மூன்றாம் நாள், காலைத் தூக்கிப் போடும்போது முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. வேட்டி கேரியரில் மாட்டியது. தெருவே பார்க்க விழுந்தோம். மணிக்கட்டு வீங்கியது. "ஏங்க, இந்த வயசுல இது வேணுமா?" என்று கேட்ட துணைவியார் சாவியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். நான்கு மாதங்கள் வண்டி திண்ணையோரம் நின்றது. மாத்திரையின் அளவுதான் கூடியது.

வண்டியை விற்றுவிடக் கருதிச் சைக்கிள் கடைப் பெரியவரிடம் சென்றபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, ஓட்டும்போது விழுந்தீங்களா, ஏறும்போது விழுந்தீங்களா?" ஏறும்போதுதான் என்றோம். "அப்ப ஓட்டுறது மறக்கல. பார் இல்லாத வண்டியா எடுங்க." அது பெண்பிள்ளைகள் ஓட்டும் வண்டியாயிற்றே என்று நாம் தயங்கினோம். பெரியவர் சிரித்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை.

புதுக்கோட்டைப் பெண்கள் காட்டிய வழி

வீடு திரும்பும் வழியில் நம் அண்டை மாவட்டத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. 1991ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். ஏளனத்தையும் பழிச்சொல்லையும் பொருட்படுத்தாது, உழவுத் தொழிலாளரும் கல்குவாரித் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டனர். கடைகளில் பெண்கள் சைக்கிள் போதாமற் போனபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். அதையே விரும்பி ஏற்றவர்களும் பலர். நடுவே இருக்கும் பாரில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் அல்லவா? பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை எழுதி உலகறியச் செய்தார்.

தம் தேவைக்கு உதவுகிறதா என்று மட்டுமே அப்பெண்கள் பார்த்தனர். அது யாருக்குரிய வண்டி என்று பார்க்கவில்லை. அவர்களுக்கு இருந்த துணிவு நமக்கு இல்லாமற் போனதே என்று வெட்கினோம். நமது பழைய இளமைக்கு வண்டி வாங்கினோமே தவிர, இன்றைய முழங்காலுக்கு வாங்கவில்லை.

நம் மகள் பதினோராம் வகுப்பில் பெற்ற அரசின் விலையில்லா மிதிவண்டி, அவள் திருமணமாகிச் சென்ற பின் கொல்லையில் துருவேறிக் கிடந்தது. இரு டியூபும் பிரேக் கட்டைகளும் மாற்றி, விடியற்காலையில் பள்ளித் திடலில் ஓட்டிப் பார்த்தோம். விழவில்லை.

கவனிக்க வேண்டியவை

இத்தகைய வண்டி நம் சிற்றூர்களில் பல வீடுகளில் சும்மா நிற்கிறது. ஆகவே கடைக்குச் செல்லுமுன் அதைச் செப்பனிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். நமக்கு எது பொருந்தும் என்பதை அந்த ஒரு மாதமே சொல்லிவிடும். இதய நோயோ, அடிக்கடி தலைசுற்றலோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

முதலாவது, உயரம். இருக்கையில் அமர்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கும். அதுவே மூட்டுக்கு இதம். ஆனால் தொடக்கத்தில் சில வாரங்கள், இரு கால்களும் தரையைத் தொடும்படி இருக்கையைத் தாழ்த்திக்கொண்டால் அச்சம் நீங்கும். பார் உள்ள வண்டியானால், இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது பாருக்கும் உடலுக்கும் இடையே ஓர் அங்குலமேனும் இடைவெளி தேவை. ஹேண்டில்பார் மிகத் தாழ்ந்திருந்தால் உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும்.

இரண்டாவது, நாம் செல்லும் பாதை. காவிரிப் படுகை சமவெளி. ஏற்ற இறக்கம் பாலங்களில் மட்டுமே. பல கியர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை இங்கே பெரும்பாலோர்க்கு இல்லை. நம்மைச் சோதிப்பது காற்றுதான். ஆடி மாதம் நீடாமங்கலத்திலிருந்து தஞ்சைத் திசையில் மிதித்தவர்கள் இதை அறிவார்கள். வாய்க்கால் கரைகளில் செல்வோருக்குச் சற்று அகன்ற டயர் நல்லது. ஐப்பசி மழைச் சேற்றுக்கு மட்கார்டும், வேட்டி சேலைக்குச் செயின் கவரும் இன்றியமையாதவை. பழைய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் எளிதில் பிடிக்காது; அலுமினியக் கலவை ரிம் இதில் மேலானது. அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லின்மீது திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டாம். இருட்டில் செல்வோர்க்குப் பின்புறச் சிவப்பு விளக்கு உயிர்க்காப்பு.

மூன்றாவது, பழுது. வாங்கப்போகும் வண்டியின் டியூபும் பிரேக் கம்பியும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று முன்னரே கேளுங்கள். ஒரு சிறு உதிரிப் பாகத்துக்காகத் திருச்சிக்குப் போக நேர்ந்தால், அந்த வண்டியும் திண்ணையில்தான் நிற்கும்.

இப்போது நம்மிடம் பார் இல்லாத வண்டிகள் இரண்டு இருக்கின்றன. மகளின் வண்டியை, சாவியை அலமாரியில் வைத்தவரே எடுத்துக்கொண்டார்! சிறுவயதில் அவரைச் சைக்கிள் தொட எவரும் விட்டதில்லையாம். ஐம்பத்திரண்டாம் வயதில் கற்றுக்கொண்டார். ஆகவே நாம் நம் உயரத்துக்கேற்ற வேறொன்று வாங்க நேர்ந்தது. வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்பு வரை காலையில் இருவரும் சென்று வருகிறோம். தெருவில் ஓரிருவர் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அதுவும் நின்றுவிட்டது.