அல்கோர் என்றால் அருந்ததி

பாரிஸ் லாச்சப்பல் கடையொன்றில் தந்த நாட்காட்டி எங்கள் குசினிச் சுவரில் தொங்குகிறது. ஒவ்வொரு தாளிலும் திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் இருக்கும். போன கிழமை ஒரு நாள் தாளைக் கிழித்ததும் ‘சுவாதி’ என்று வந்தது. பாரிஸ் புறநகரான ஸ்தேனில் பிறந்த பேரன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “அப்பப்பா, இது ஆரின்ட பேர்?” என்று கேட்டான்.

“அக்தாருஸின்ட பேர்” என்றேன். அவன் நம்பவில்லை. 2021 இல் வந்த கோல்தோராக் சித்திரக்கதைப் புத்தகத்தை அவன் பல தடவை வாசித்தவன். அதன் நாயகன் எங்கள் பஞ்சாங்கத்துக்குள் எப்படி வந்தான் என்று கேட்டுக்கொண்டே நின்றான்.

அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஜப்பானில் கோ நகாய் படைத்த ‘கிரெண்டைசர்’ என்ற ரோபோத் தொடர், 1975 முதல் 1977 வரை 74 பகுதிகளாக ஓடியது. 1978 ஜூலை 3 முதல் அதை அந்தென் 2 அலைவரிசை பிரெஞ்சில் ஒளிபரப்பியது. நாடே பைத்தியமானது, 1979 இல் ‘பாரி மாட்ச்’ இதழ் ரோபோவை அட்டையிலேயே போட்டது. பிரெஞ்சுக்கு வந்தபோது பெயர்கள் பெரும்பாலும் மாறின. ஜேம்ஸ் பாண்ட் பட வில்லன் கோல்ட்ஃபிங்கரையும் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் ஒட்டிச் செய்ததுதான் கோல்தோராக். முத்து காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்களுக்கு மாண்ட்ரேக் பழைய சிநேகிதர்.

பாத்திரங்களுக்குப் பெயர் தேடியவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். ஜப்பானிய மூலத்தில் டியூக் ஃப்ளீட் என்றிருந்த இளவரசன் அக்தாருஸ் ஆனான். எதிரிப்படை தன் கிரகத்தை அழித்துவிட, பூமிக்குத் தப்பி வந்து ஒரு பண்ணையில் வேலை செய்கிறவன் அவன். இந்தக் கதையை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆர்க்டுரஸ் என்ற விண்மீனின் பெயரைச் சற்றே மாற்றி அவனுக்கு வைத்தார்கள். கிரேக்கத்தில் அதற்குக் கரடிக் காவலன் என்று பொருள். பெருங்கரடிக் கூட்டத்துக்குப் பின்னால் வருவதால் அந்தப் பெயர். அந்த விண்மீனைத்தான் நாங்கள் சுவாதி என்கிறோம். சுவாதி மழைத்துளி சிப்பிக்குள் விழுந்தால் முத்தாகும் என்பார்களே, அதே சுவாதி. பூமியிலிருந்து 37 ஒளியாண்டு. நான் பிரான்சுக்கு வந்து இறங்கிய காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட ஒளிதான் இப்போது கண்ணில் படுகிறது.

எதிரி மன்னன் வேகா. இது மூலத்திலேயே இருந்த பெயர். பாய்ந்திறங்கும் கழுகைக் குறிக்கும் அரபுத் தொடரின் மிச்சம் அது. எங்களுக்கு அந்த விண்மீன் அபிஜித். 27 நட்சத்திரங்களுக்கு வெளியே 28ஆவதாகப் பழைய பட்டியல்களில் நின்றது. ரிஜெல், ப்ரோசியோன் என்ற பாத்திரங்களும் தொடரில் உண்டு. ரிஜெல் என்றால் அரபில் கால், வானத்து வேட்டைக்காரனின் கால். ப்ரோசியோன் என்றால் கிரேக்கத்தில் நாய்க்கு முன் வருவது.

எனக்கு மிகப் பிடித்தவர்கள் அல்கோரும் மிசாரும். தொடரில் அல்கோர் நாயகனின் வீரத் தோழன். மிசார் பண்ணை வீட்டுச் சின்னப் பையன். வானத்தில் இருவரும் ஒட்டி நிற்கும் சோடி. மிசார்தான் வசிஷ்டர், அல்கோர்தான் அருந்ததி. சிலப்பதிகாரம் கண்ணகிக்கு ஒப்புச் சொல்லும் வடமீன் அவள்தான். மிசார் என்ற அரபுச் சொல்லுக்கு இடுப்பில் கட்டும் துணி என்று பொருள். எங்கள் சாரம் மாதிரி. பெயர் வைத்தவர்கள் ஒன்றை மாற்றிவிட்டார்கள்: வானத்தில் மிசார் பிரகாசமானது, அல்கோர் மங்கல்; கதையில் பெரியவன் அல்கோர், சின்னவன் மிசார். எனக்கு இது குறையாகவே படுகிறது.

பாரிஸ் புறநகர்க் கலியாண மண்டபங்களில் பட்டப்பகலில் ஐயர் அருந்ததி பார்க்கச் சொல்லுவார். பொம்பிளையும் மாப்பிளையும் மண்டபக் கூரையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அவளை உண்மையாகக் கண்டிருப்பார்கள்?

காண்பது கஷ்டமில்லை. பிரெஞ்சுக்காரர் ‘பெரிய கைப்பிடிச் சட்டி’ என்று சொல்லும் ஏழு மீனைத் தேடுங்கள். கைப்பிடி நுனியிலிருந்து இரண்டாவது மிசார். அதை ஒட்டியிருக்கும் சின்னப் புள்ளி அல்கோர். ஸ்தேனின் தெருவிளக்கு வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் ஒரு பைனாகுலர் போதும். வசந்தகால இரவென்றால் கைப்பிடியின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போங்கள். செம்மஞ்சளாக ஒளிரும் அக்தாருஸ் வரும்.

பேரனை யன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். உங்கள் பிள்ளைகளுக்கும் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிக் காட்டுங்கள். முகில் இல்லாத எந்த இரவும் இதற்கு நல்ல நாள்தான். யாழ்ப்பாணத்தில் அருந்ததி உதித்து மறைகிறவள். பாரிஸ் வானத்தில் அவள் மறைவதே இல்லை.