கே. சி. எஸ். பணிக்கர்: ஓவியமும் அதன் பொருளாதார அடித்தளமும்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயத்தில் தேர்வடம் பிடிக்கும் நாம், அத்தேரைச் செதுக்கிய கைகள் எவருடையவை என வினவுவதில்லை. ஓவியனைத் தனிமேதையாகவும் கைவினைஞனைப் பெயரற்றவனாகவும் கொள்ளும் இப்பிரிவினை இயல்பானதன்று, வரலாற்று வழிப்பட்டது. தமிழகத்தில் இதனை நடைமுறையிலேயே கேள்விக்குட்படுத்தியவர் கே. சி. எஸ். பணிக்கர்.

1911இல் கோயம்புத்தூரிற் பிறந்த அவர், தந்தி இலாகாவில் ஊழியம் பார்த்த பின்னரே சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்றார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957இல் அப்பள்ளியின் தலைமையை ஏற்றார். பயின்று வெளியேறும் மாணவர்க்கு ஓவியம் சோறு போடாது என்பதே அவர் எதிர்கொண்ட பிரச்சினை. எனவே ஓவியர்கள் பற்றிக் முதலிய கைவினைப் பொருள்களைக் கூட்டாக ஆக்கி விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர்.

இக்காலப்பகுதியிலேதான், 1963 முதல், பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசை உருவாயிற்று. மேனாட்டுப் பாணிகளைப் பின்பற்றுவதிலிருந்து விலகி, சாதகக் கட்டங்களையும் எழுத்தையொத்த கோடுகளையும், அதாவது சாமானியர் கண்ணுக்குப் பழகிய வடிவங்களை, அவர் நவீன ஓவியத்துள் கொணர்ந்தார்.

இம்முயற்சியின் முரண்பாட்டையும் மறைத்தலாகாது. பற்றிக் துணியை வாங்கியதும் சந்தையே; ஓவியத்தை வாங்கியதும் சந்தையே. துணியிற் பெயரில்லை, ஓவியத்தில் கையொப்பமுண்டு என்ற ஏற்றத்தாழ்வும் முற்றாக நீங்கவில்லை. ஆயினும், புரவலரின் தயவிலன்றித் தமது கூட்டுழைப்பில் கலைஞர் தங்கி நிற்கலாம் என்பதை அக்கிராமம் மெய்ப்பித்தது. பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் இன்றும் நிலைத்துள்ளது. அவரது பாணியைப் போற்றுவோர், அதனைத் தாங்கிய உழைப்பையும் ஆராய்தல் வேண்டும்.