ஒரு மைசூர்பாகு போதுமா, ஒன்றுமே வேண்டாமா?

தீபாவளி முடிந்த கையோடு "இனி இனிப்பைத் தொடவே மாட்டேன்" என்ற பேச்சு எழாத வீடு குறைவு. கார்த்திகைப் பொரி உருண்டையில் அந்தச் சபதம் உடையும். "ஆனது ஆயிற்று, பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மனம் சமாதானம் சொல்லும். ஒரு உருண்டையால் வரும் கெடுதல் கொஞ்சம்தான். இந்தச் சமாதானத்தால் வருவது அதிகம்.

சபதம் உடைந்த பிறகு

1975-ல் ஹெர்மன், மேக் என்ற ஆய்வாளர்கள் மாணவிகளுக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். வழக்கம்போல் சாப்பிடுகிறவர்கள் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உடல் எடைக்காக வாயைக் கட்டி வைத்திருந்தவர்களோ அதிகமாகவே சாப்பிட்டார்கள். கட்டு ஒருமுறை அவிழ்ந்ததும் அளவும் போய்விட்டது.

டப்பாவைத் திறந்தால்

அதற்காக எல்லாவற்றையும் அளவோடு தின்னலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிவி முன்னால் மிக்சர் டப்பாவைத் திறந்து பாருங்கள். கண் திரையில் இருக்கும். கை தானாகப் போய் வரும். அடியில் கிடக்கும் ஓமப்பொடித் தூள் விரலில் ஒட்டும்போதுதான் நினைவு வரும். 2019-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரைத் தங்கவைத்து, ஆலைகளில் பதப்படுத்திய உணவை 2 வாரமும், சாதாரண உணவை 2 வாரமும் கொடுத்துப் பார்த்தது. பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

ஆகவே, ஒன்றோடு நிறுத்த முடிகிற பண்டத்தை அளவோடு சாப்பிடுங்கள். கை நிற்காத பண்டத்தை வீட்டுக்கே வாங்கி வராதீர்கள். எது எந்த வகை என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கைக்குத்தான் தெரியும்.

காபியில் தொடங்கலாம்

உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராம், அதாவது சுமார் 6 டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேளைக்கு 2 ஸ்பூன் வீதம் 3 காபி குடித்தாலே கணக்கு முடிந்துவிடும். என் அம்மா 2 ஸ்பூனை ஒன்றரை, ஒன்று, அரை என்று சில மாதங்களில் இறக்கினார். இப்போது கல்யாண வீட்டுக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பாயசம் மாதிரி இருக்கே" என்று டம்ளரைத் தள்ளி வைக்கிறார். நாக்கு பழகிக்கொள்ளும். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறுவது விட்டதாக ஆகாது. அவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

ஒவ்வாமை இருப்பவர்கள், மருந்து எடுப்பவர்கள் கவனத்துக்கு

வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு 'கொஞ்சம்' என்பதே கிடையாது. முழுமையாக விலக்கத்தான் வேண்டும். ஆனால் இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு வியர்த்து, கை நடுங்கி, ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், இனிப்பை விட்டவர்கள்கூட உடனே 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.