உதிரத்தின் எழுத்தும் நோயாளியின் கையொப்பமும்

நீலகிரியின் பழங்குடிக் குடியிருப்புகளிலும் மத்திய இந்தியாவின் ஆதிவாசி கிராமங்களிலும், தாயும் தகப்பனும் திடகாத்திரமாகவே இருக்க, அவர்களுக்குப் பிறந்த குழந்தை மட்டும் எலும்புக்குள் நெருப்பிட்டாற்போன்ற வலியால் துடிப்பதற்குக் காரணம், சிவப்பணுவின் புரதத்தை வகுக்கும் மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறிப்போனதுதான். அப்பிழையால், மெல்லிய குழாய்களில் வழுக்கிச் செல்லவேண்டிய சிவப்பணு அரிவாள்போல் வளைந்து வழியை அடைத்துவிடுகிறது. பிழையை ஒரு பங்கு மட்டும் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வருவதற்கு நூற்றுக்கு 25 பங்கு வாய்ப்புண்டு. இதில் தாயைப் பழிப்பதற்கு இடமே இல்லை.

இந்த அரிவாள் செல் சோகைக்கு, கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்திரியைக் கொண்டு செய்யும் 'காஸ்ஜெவி' சிகிச்சையை 2023 நவம்பரில் பிரிட்டனும் மறுமாதம் அமெரிக்காவும் அங்கீகரித்தன. அது பிழையான எழுத்தைத் திருத்துகிறது என்று பலரும் எண்ணுவது சரியன்று. சிசு கருவில் இருக்கையில் சுரந்து, பிறந்த சில மாதங்களில் ஓய்ந்துவிடும் வேறொரு ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் விசையையே அது வெட்டுகிறது; விசை தளர்ந்ததும் உறங்கிய அந்தப் பழைய புரதம் விழித்தெழுந்து, அணுக்கள் வளையாமல் காக்கிறது. இயற்கை எப்போதோ மூடிவைத்த கதவை மனிதன் மீண்டும் திறந்தான் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆயினும், திருத்திய அணுக்களை உடலில் ஏற்றுமுன், எலும்பு மஜ்ஜையில் உள்ள பழைய அணுக்களைக் கடுமையான மருந்தால் அழித்தாக வேண்டும். அதனால் நோயாளி பல வாரங்கள் தொற்றுக்கு அஞ்சி மருத்துவமனையில் தனித்திருக்க நேர்வதோடு, பிள்ளைப்பேறும் அற்றுப்போகலாம். கத்திரி குறியிடாத இடத்தை வெட்டிவிடும் அபாயமும் உண்டென்பதால், பல்லாண்டுகள் கண்காணிப்பும் தேவை. அமெரிக்காவில் இதற்கு நிர்ணயித்த விலை 22 லட்சம் டாலர்.

குறைந்த செலவில் இத்தகைய சிகிச்சையை உருவாக்க நம் நாட்டிலும் விஞ்ஞானிகள் பாடுபடுகையில், பரீட்சைக்கு அழைக்கப்படும் ஏழை நோயாளி, சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் தன் உரிமைகளை அறிந்திருப்பது அத்தியாவசியம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரீட்சை விதிகளின்படி, அபாயங்களை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவரானால், பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும், எந்நேரமும் விலகிக்கொள்ளலாம், பரீட்சையால் தீங்கு நேரின் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு. குறை ஏற்பட்டால், பத்திரத்தில் குறிப்பிட்டுள்ள நெறிமுறைக் குழுவிடமும், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் முறையிடலாம். பிற்காலத்தில் மகப்பேறு விரும்புவோர், மருந்து ஏறுமுன்பே விந்தையோ கருமுட்டையையோ சேமிக்க வழியுண்டா என்று கூச்சமின்றிக் கேட்கவேண்டும். மருந்து ஏறியபின் கேட்டுப் பயனில்லை.

பரீட்சை நிலையிலுள்ளதைத் தேர்ந்த சிகிச்சையென்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பலாகாது. இந்திய மருத்துவப் பரீட்சைப் பதிவேட்டில் அது பதிவாகியிருக்கிறதா என்று யாரும் இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கருவையே திருத்தித் தருவதாகக் கூறுவோரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்த மாற்றம் சந்ததி சந்ததியாகத் தொடர்வதால் நம் நாட்டு நெறிமுறைகள் அதை அனுமதிப்பதில்லை. சீனத்தில் 2018இல் அவ்வாறு செய்து குழந்தைகளைப் பிறப்பித்ததாக அறிவித்த ஹே ஜியான்குய், மறு ஆண்டே மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

கத்திரி நம் ஊர் வந்து சேரும்வரை நோயாளி கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. 2023இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தின் வழியாக இரத்தப் பரிசோதனை நடைபெறுகிறது; வலியின் வேகத்தைத் தணிக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்து இருக்கிறது; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்திருப்பதால், அதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் வழியுண்டு.