தூக்க மாத்திரையை மாற்றும்போது கவனம் தேவை

பெங்களூர்: தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போகிறவர்கள் பலருக்கு ஒரு சின்னஞ்சிறு மாத்திரை கிடைக்கிறது. ஒருவருக்கு டயஸிபாம், இன்னொருவருக்கு அல்பிரஸோலம், மற்றொருவருக்கு லோரஸிபாம் அல்லது குளோனஸிபாம். பெயர்கள் வேறானாலும் இவை எல்லாம் பென்ஸோடயஸிபைன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே குடும்பம்தானே, ஒன்று கிடைக்காவிட்டால் மற்றொன்றை வாங்கிச் சாப்பிட்டால் என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பெங்களூர்த் தமிழர்கள் இதை அறிந்து கொள்வது அவசியம். தர்மபுரியிலோ வேலூரிலோ பார்த்த டாக்டரின் சீட்டை வைத்துக்கொண்டு இங்கே மகன் வீட்டில் தங்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துபோன பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது.

லிப்ரியம் முதல் காம்போஸ் வரை

இந்த வகையில் முதல் மருந்தைக் கண்டுபிடித்தவர் ரோச் கம்பெனியின் ரசாயன நிபுணர் லியோ ஸ்டெர்ன்பாக். அது 1960ல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963ல் வாலியம் வந்தது. அதுவே டயஸிபாம். இந்தியாவில் ரான்பாக்ஸி கம்பெனி 1969ல் அதைக் காம்போஸ் என்று வெளியிட்டது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த பார்பிட்யூரேட் மாத்திரைகள் அளவு மீறினால் உயிரையே குடித்தன. புதிய மருந்துகளில் அந்த அபாயம் குறைவு என்பதால் உலகம் முழுவதும் அவற்றுக்கு வரவேற்பு கிடைத்தது. விடாமல் சாப்பிட்டால் உடம்பு இவற்றுக்கும் அடிமையாகிவிடும் என்பது பிறகுதான் நன்கு தெரிந்தது.

இலக்கம் காட்டும் மாயம்

மாத்திரை அட்டையில் உள்ள மில்லிகிராம் அளவை மட்டும் பார்த்து மருந்தின் வலிமையை மதிப்பிட முடியாது. டயஸிபாம் 10 மில்லிகிராம் செய்யும் வேலையை அல்பிரஸோலமோ குளோனஸிபாமோ அரை மில்லிகிராமிலேயே செய்துவிடும். லோரஸிபாம் என்றால் 1 மில்லிகிராம். லிப்ரியம் என்றால் 25 மில்லிகிராம். இவை தோராயக் கணக்குகளே. அட்டவணைக்கு அட்டவணை சற்று மாறும்.

தினம் 5 மில்லிகிராம் டயஸிபாம் சாப்பிடும் முதியவருக்கு 1 மில்லிகிராம் அல்பிரஸோலம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். இலக்கத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. வலிமையிலோ நான்கு மடங்கு! இரவில் எழுந்து நடக்கும்போது தடுமாறி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். எதிர்ப்புறமாக மாற்றினால் மருந்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நெடுநாள் பழகிய உடம்பு அதைத் தாங்காது. நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, பெரும் பதற்றம் தோன்றும். சிலருக்கு வலிப்பும் வரும். அது உயிருக்கே ஆபத்து.

வலிமை மட்டுமல்ல, வேகமும் வேறு. அல்பிரஸோலம் சில மணி நேரத்திலேயே உடம்பிலிருந்து குறைந்துவிடும். டயஸிபாமும் அதிலிருந்து உடம்பில் உண்டாகும் பொருள்களும் நாள் கணக்கில் தங்கும். வயதானவர்களுக்கு அது இன்னும் அதிக நாள் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். ஈரல் கெட்டவர்களுக்கு டயஸிபாமைவிட லோரஸிபாம் பொருத்தம் என்று டாக்டர்கள் கருதுவது இதனால்தான்.

படிப்படியாக மாற்றும் முறை

இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் பேராசிரியை ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இம்மாத்திரைகளிலிருந்து விடுபட விரும்பியவர்களுக்காகத் தனி கிளினிக் நடத்தினார். ஒரேயடியாக மாற்றாமல், ஒரு நேர மாத்திரையை மட்டும் முதலில் மாற்றுவது அவர் முறை. உதாரணமாக, மூன்று வேளையும் அல்பிரஸோலம் சாப்பிடுபவருக்கு முதலில் இரவு மாத்திரைக்குப் பதிலாக மட்டும் சமமான டயஸிபாம் தரப்படும். சுமார் ஒரு வாரம் பார்த்து, ஒத்துக்கொண்டால் அடுத்த வேளை மாற்றப்படும். முழுவதும் மாறிய பின் அளவு சிறிது சிறிதாகக் குறைக்கப்படும். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

இது வீட்டில் தாமாகச் செய்துகொள்ளும் காரியமல்ல. வயது, ஈரல், மூச்சுக் கோளாறு, மற்ற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து டாக்டரே அளவை முடிவு செய்ய வேண்டும். மாற்றும் நாட்களில் அதிக மயக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம் கண்டால் மருந்து கூடுதல் என்று பொருள். நடுக்கமும் பதற்றமும் வந்தால் குறைவாக இருக்கலாம். இரண்டிலும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மதுவும், ஓபியம் வகை வலி மருந்துகளும் கூடவே கூடாது. இவை சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

சட்டமும் உதவியும்

2014 மார்ச் 1 முதல் இம்மாத்திரைகள் பலவும் எச்-1 அட்டவணையின் கீழ் வந்துள்ளன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்கியவர் பெயரையும் அளவையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்படுவதில் நியாயமில்லை.

1974 டிசம்பர் 27ல் உருவான நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டில் இருக்கிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கு அங்கே தனிச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. போகும்போது பழைய சீட்டு, மீதியுள்ள மாத்திரை அட்டை, எத்தனை மாதமாக, எத்தனை வேளை சாப்பிடுகிறார் என்ற விவரம் ஆகிய மூன்றையும் கொண்டுபோவது நல்லது. 2022 அக்டோபர் 10ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. வீட்டுப் பெரியவரின் மருந்துப் பெட்டியை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள்.