உடைத்த இடத்திலேயே நிற்கும் மரபணு

திருமுருகன்பூண்டியைச் சூழ்ந்த பனியன் தொழில் வட்டாரத்தில், பெராக்சைடால் வெளுத்த துணிக்குச் சாயம் ஏற்றுமுன், எஞ்சிய பெராக்சைடைத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடும் கேட்டலேஸ் என்னும் நொதியைப் பிரயோகிக்கிறார்கள். இதனால் துணியைத் திரும்பத் திரும்ப அலச வேண்டியதில்லை என்பது, சாயக்கழிவால் நல்லாறு, நொய்யல் ஆறுகள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்குச் சாமானிய விஷயமன்று. இந்நொதியைத் தரும் ஜீவன்களுள் பிரதானமானது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். வெங்காயத் தோலை உரிக்கையில் கரும்பொடியாக விரலில் ஒட்டுகிறதே, அந்த இழைப் பூஞ்சைதான்.

நொதியை இது இன்னும் மிகுதியாகச் சுரக்கவேண்டுமாயின், இதன் சுமார் 14,000 மரபணுக்களுள் எது சுரப்பை வளர்க்கிறது, எது தடுக்கிறது என்று அறிதல் அவசியம். அதற்கு ஒரு மரபணுவை உடைத்து, எக்காரியம் கெடுகிறதென்று பார்ப்பதே பழைய உபாயம். கதிர்வீச்சும் உடைக்கும், ஆயினும் எங்கே உடைத்தது என்பதற்கு எளிதில் தடயம் அகப்படாது. 1940-களில் மக்காச்சோளத்தில் பார்பரா மக்ளின்டாக் கண்டறிந்த தாவும் மரபணுக்களோ, இடம்விட்டு இடம் பாய்ந்து வேறொரு மரபணுவுக்குள் புகுந்து அதை உடைத்து, உடைத்த இடத்திலேயே தாமே அடையாளமாக நின்றுவிடுகின்றன.

பூஞ்சைகளில் அவற்றைப் பிடித்த விதம் வெகு நேர்த்தியானது. நைட்ரேட்டை ஜீரணிக்கும் மரபணு பழுதின்றி இருக்கும் பூஞ்சை, குளோரேட்டைத் தானே நஞ்சாக மாற்றிக்கொண்டு மடியும். அம்மரபணு உடைந்ததோ பிழைத்து வளரும். பருத்திக்கும் வாழைக்கும் வாடல் நோய் தரும் பூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்னும் பூஞ்சையினத்தில், மரி ஜோஸே டபூசியின் பிரெஞ்சுக் குழுவினர் இவ்வாறு பிழைத்தவற்றை ஆராய்ந்து, 1992-இல் ‘ஃபாட்1’ என்ற தாவும் மரபணுவை வெளியிட்டனர். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் தாவும் மரபணுவான ‘வேடர்’ 1996-இல் வெளிவந்தது. 2011-இல் ஜெர்மனியின் கீல் நகர ஆராய்ச்சியாளர்கள் அதையே உபகரணமாக்கினார்கள்: வேடர் புகுந்து முடக்கிய நைட்ரேட் மரபணுவுடைய பூஞ்சையை நைட்ரேட் மட்டுமே உள்ள ஊடகத்தில் விதைத்தால், வேடர் வெளியேறிய வித்துகளே முளைக்கும். வெளியேறிய வேடர் வேறெங்கே புகுந்ததென்று, அதன் அண்டையிலுள்ள மரபணு வரிசையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

நம் நாட்டின் பங்கும் இதில் உண்டு என்பதை மகிழ்ச்சியுடன் குறிப்பிடவேண்டும். பரோடா பல்கலைக்கழகத்தில் பரத் சட்டூவின் குழுவினர், அமெரிக்க விஞ்ஞானி சாலி லியோங்குடன் சேர்ந்து, நெற்பயிருக்குக் குலைநோய் தரும் பூஞ்சையிலிருந்து ‘பாட்2’ என்ற தாவும் மரபணுவை 1994-இல் பிரித்தெடுத்தார்கள். அப்பூஞ்சையின் மரபுத்தொகுதியெங்கும் சிதறிக்கிடக்கும் அதன் பிரதிகளை அடையாளமாகக்கொண்டு, ஒரு வயலின் குலைநோய் வம்சத்தை மற்றொரு வயலின் வம்சத்திலிருந்து பிரித்தறியும் முறையும் பின்னர் வழக்கத்துக்கு வந்தது.