பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம்

"மாதா மாதம் வருவதுதானே. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்."

வயிற்று வலியால் துடிக்கும் பெண்ணுக்குப் பல வீடுகளில் கிடைக்கும் பதில் இது. தாயும் இப்படிச் சொல்வாள். மாமியாரும் இப்படித்தான் சொல்வாள்.

மாதவிலக்கின்போது லேசான வலி பலருக்கும் வரும். ஆனால் வேலைக்குப் போக முடியாத அளவுக்கு மாதந்தோறும் வலித்தால் அது ஒரு நோயாக இருக்கலாம். அதில் ஒன்றுதான் எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளை பெறும் வயதில் உள்ள பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இது உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

கர்ப்பப்பையின் உட்பக்கம் மெல்லிய சவ்வு இருக்கிறது. மாதந்தோறும் அது தடித்து வளரும். கரு தங்காவிட்டால் இரத்தத்தோடு வெளியே வந்துவிடும். இதுதான் மாதவிலக்கு.

சில பெண்களுக்கு இதே போன்ற சவ்வு கர்ப்பப்பைக்கு வெளியிலும் வளர்கிறது. சினைப்பை, குடல், மூத்திரப்பை ஆகியவற்றின் மேல் ஒட்டி வளரும். மாதவிலக்கு நாளில் அங்கேயும் இரத்தம் கசியும். அது வெளியே வர வழி இல்லை. அதனால் வலியும் தழும்பும் உண்டாகின்றன. உள்ளுறுப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளலாம். பிள்ளைப்பேறும் தடைப்படலாம். ஊரார் 'மலடி' என்று ஏசும் பெண்ணுக்கு இந்த நோய் இருக்கலாம். அது அவள் குற்றம் அல்ல.

சிகிச்சை என்ன?

முதலில் பெரும்பாலும் மாத்திரை தருவார்கள். அதில் குணம் தெரியாவிட்டால் ஆபரேஷன் தேவைப்படலாம்.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு லேப்ராஸ்கோப்பி செய்வதை நாம் அறிவோம். இதுவும் அதே முறைதான். வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதில்லை. சில சிறு துளைகள் மட்டும் போடுவார்கள். ஒரு துளை வழியாகக் கேமரா போகும். மற்றவை வழியாக மெல்லிய கருவிகள் போகும். டாக்டர் திரையில் பார்த்தபடி, தவறாக வளர்ந்த சவ்வை நீக்குவார். காயம் சிறியது. அதனால் வலி குறைவு. வீட்டுக்குச் சீக்கிரம் திரும்பலாம்.

ரோபோ தானாக அறுக்குமா?

இப்போது பெரிய நகரங்களில் சில மருத்துவமனைகளில் ரோபோ வந்துவிட்டது. "இயந்திரமா வயிற்றை அறுக்கும்?" என்று பலர் பயப்படுகிறார்கள்.

ரோபோ தானாக எதையும் செய்யாது. நோயாளியின் அருகே இயந்திரக் கைகள் இருக்கும். அதே அறையில் டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பார். உள்ளுறுப்புகள் அவருக்குப் பெரிதாகத் தெரியும். அவர் கையை அசைத்தால் கருவியும் அசையும். கருவியின் நுனி நம் மணிக்கட்டைப் போல் வளையும். கை நடுக்கம் கருவிக்குப் போகாது. குடலை ஒட்டிய இடத்தில் வேலை செய்ய இது உதவும்.

ஆனால் இதற்குச் செலவு அதிகம். சாதாரண லேப்ராஸ்கோப்பியை விட ரோபோ முறையில் குணம் அதிகம் என்று நிரூபிக்கப்படவில்லை. இயந்திரத்தை விட டாக்டரின் அனுபவமே முக்கியம். ரோபோவுக்காக நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை.

எந்த ஆபரேஷன் செய்தாலும் சிலருக்கு நோய் திரும்ப வரலாம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டாலும் வெளியே வளர்ந்த சவ்வு தானாகப் போய்விடாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்:

மாத்திரையில் குணமாகுமா?
எந்த உறுப்பை எடுப்பீர்கள்?
பிறகு பிள்ளை பிறக்குமா?
மொத்தச் செலவு எவ்வளவு? அரசுக் காப்பீட்டில் கிடைக்குமா?

கேட்பது நம் உரிமை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் நம் உரிமை.

பேசிப் பார்ப்போம்

உங்கள் வீட்டில் மாதந்தோறும் வலியால் சுருண்டு படுக்கும் பெண் இருக்கிறாளா? அவளிடம் இதுவரை என்ன சொன்னீர்கள்? இனி என்ன சொல்வீர்கள்?